வயலுக்கடியில் ஒரு துறைமுகம்

குற்றாலத்தில் குளித்துவிட்டு அறைக்குத் திரும்பி, ஈரத் துண்டை உதறினால் கொஞ்சம் மணல் உதிரும். தலையில் தேய்த்த எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வந்தது அது. சாரல் காலத்தில் தண்ணீர் கலங்கலாக விழும் நாட்களில் கூடுதலாகவே உதிரும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணாடி போன்ற படிகக்கல் துகள். நடுவே ஒன்றிரண்டு சிவப்புத் துகள் இருந்தால் அது கார்னெட்.

பேரருவியில் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. மேலே பாறையில் குடைந்த ஒரு பெரிய குழிக்குள் முதலில் விழுந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தக் குழிக்குப் பொங்குமாக்கடல் என்று பெயர். மலைமேல் இருக்கும் குழிக்குக் கடல் என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல குறும்புக்காரர். அந்தக் கடல் பாரமான கற்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பொடியை மட்டும் கீழே அனுப்புகிறது. அந்தப் பொடியில் ஒரு சிட்டிகைதான் என் துண்டில் ஏறியது. மற்றதெல்லாம் சிற்றாற்றில் இறங்கித் தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகப் புன்னைக்காயலில் கடலைத் தொடும்.

ஒரே வெள்ளத்தில் அல்ல. மணல் சோம்பேறிப் பயணி. தண்ணீர் வேகமாக ஓடும்போது மட்டும் கிளம்பும், வேகம் குறைந்ததும் உட்கார்ந்துவிடும். ஒரு வளைவில் ஒதுங்கினால் அடுத்த பெருவெள்ளம் வரும்வரை அங்கேயே கிடக்கும். கடலைத் தொடும் இடத்தில் ஆற்றின் வேகம் சட்டென்று குறைகிறது. அங்கே மொத்தமாக இறக்கிவைக்கிறது. முதலில் மணல், பிறகு வண்டல், கடைசியாக உப்புத் தண்ணீர் பட்டதும் திரிந்து படியும் களிமண். இப்படி ஆண்டுக்கு ஒரு படலம் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கக் கொற்கைக்குப் போக வேண்டும்.

பாண்டியரின் முத்துத்துறை கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த பயணக் கையேடான 'பெரிப்ளஸ்', இங்கே தண்டனைக் கைதிகளை இறக்கி முத்துக் குளித்தார்கள் என்கிறது. தாலமியின் நிலநூலிலும் ஊரின் பெயர் இருக்கிறது. இவ்வளவு படித்துவிட்டு ஊருக்குள் நுழைந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வாழையும் நெல்லும். டீக்கடையில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "கடலா அண்ணாச்சி? அதுக்கு ஆறேழு கிலோமீட்டர் போணும்லா" என்றார் கடைக்காரர், பேருந்தைத் தவறவிட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு.

கடல் இப்படித் தள்ளிப்போனதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் ஒருவர் பிஷப் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் மனிதர், இந்த ஆற்றின் முகத்துவாரத்தில் மண்வெட்டியோடும் நின்றிருக்கிறார். 1881இல் வெளியான அவருடைய திருநெல்வேலி வரலாற்று நூலில் கதை தெளிவாக இருக்கிறது. கொற்கையை ஆற்று மண் கடலிலிருந்து பிரித்தது. வணிகம் கடலைத் துரத்திக்கொண்டு காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து இறங்கி, அரபுக் குதிரைகள் இறங்குவதைப் பார்த்து வியந்த காயல் அதுதான், இன்றைய பழையகாயல். அங்கே நிலத்தைக் கிளறியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததையும் கால்டுவெல் எழுதியிருக்கிறார். பிறகு காயலையும் மண் பிடித்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் துறை புன்னைக்காயலுக்குப் போயிற்று. ஒரே ஆறு, மூன்று துறைமுகங்கள். பகைவர் யாரும் வந்து கொளுத்தவில்லை. குற்றாலத்திலும் பொதிகையிலும் பாறை கரைந்ததுதான் காரணம்.

கொற்கையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்தது. செங்கல் கட்டுமானம், சங்கு அறுத்த கழிவு, தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு எல்லாம் வந்தன. கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 வாக்கில் என்று கணிக்கப்பட்டது. கப்பல் மட்டும் வரவில்லை. கப்பலைக் கடலில்தானே தேட வேண்டும் என்று தோன்றும். 2021இல் அரசு, கொற்கைக்கு எதிரே கடலில் ஆய்வு என்று அறிவித்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். ஆனால் ஒரு மரக் கப்பலை நம் கடலில் தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் பெயர் கப்பல் புழு.

பெயரில்தான் புழு. உண்மையில் அது சிப்பி இனம். உடம்பு நீண்டு, ஓடு சுருங்கி, தலைப்பக்கம் இரண்டு சிறு அரம் போல ஆகிவிட்டது. குஞ்சாக மிதந்து வந்து மரத்தில் ஊசிமுனை அளவு துளை போடும். உள்ளே போய்த் தின்றபடியே வளரும். வெளியே பார்த்தால் பலகை பத்திரமாக இருக்கும். கையால் அமுக்கினால் பொறை ரொட்டி. வெதுவெதுப்பும் உப்பும் உள்ள மன்னார் வளைகுடா அதற்கு விருந்துவீடு. தூத்துக்குடித் தோணிக்காரர்கள் அடிப்பாகத்தை இத்தனை கவனமாகப் பூசிக் காத்ததற்கு இந்தச் சிப்பியும் ஒரு காரணம். திறந்த கடற்பரப்பில் கிடக்கும் மரம் சில பத்தாண்டுகள்கூடத் தாங்காது. எஞ்சுவது சரக்குதான்.

பூம்புகாருக்கு எதிரே, சுமார் 19 மீட்டர் ஆழத்தில், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பார்த்தது அப்படி ஒரு எச்சம். ஈயக் கட்டிகள். அவற்றில் பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் அச்சாகியிருந்தன. கப்பலின் பெரும்பகுதி போய்விட்டது. ஈயம் மட்டும் தன் பிறந்த ஆண்டைச் சொல்லிக்கொண்டு கிடந்தது. இலங்கையின் தென்கரையில் கொடவாய என்ற இடத்துக்கு அப்பால் 33 மீட்டர் ஆழத்தில் இன்னொன்று. 2003இல் மூழ்கித் தொழில் செய்யும் உள்ளூர்க்காரர்கள் கண்ணில் பட்டது. கருப்பு-சிவப்புப் பானைகள், கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, செம்பு, கல்லால் செய்த அம்மிகள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை. இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்தவற்றில் இதுவே மூத்த கப்பல் சிதைவு. அந்த அம்மிகளில் ஒன்றில் மீன் உருவம் செதுக்கியிருக்கிறது என்றதும் தமிழ்நாட்டில் பலருக்குப் பாண்டியர் கொடி ஞாபகம் வந்தது. மீன் பிடிக்கும் எந்த ஊரிலும் மீனைச் செதுக்குவார்கள், அவசரப்பட வேண்டாம். அங்கேயும் கப்பலின் உடல் இல்லை. மணலுக்குள் மாட்டிக்கொண்ட மரத்துணுக்குகள் மட்டுமே தப்பியிருந்தன.

மணலுக்குள் என்பதைக் கவனியுங்கள். புழுவுக்கும் மூச்சு வேண்டும். சேற்றுக்கடியில் போன மரத்தை அதனால் தொட முடியாது. அங்கே உயிர்வளி இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மட்டுமே உண்டு. அவை மரத்தை மெல்ல மெல்ல, நூற்றாண்டுக் கணக்கில் கொறிக்கும். ஆகவே கப்பலை உடலோடு பார்க்க ஆசைப்படுகிறவர் கடலைவிட, ஒருகாலத்தில் கடலாகவோ கழியாகவோ இருந்து இன்று நிலமாகிவிட்ட இடத்துக்குப் போவது நல்லது.

இது என் கற்பனை இல்லை. நம் மலைக்கு அந்தப் பக்கமே சாட்சி இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக ரயிலில் இறங்கினால் கொல்லம். சாரல் காற்று வரும் வழியில் எதிர்த்திசையில் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கரையோரமாக வடக்கே போனால் சேர்த்தலை வட்டாரத்தில் கடக்கரப்பள்ளி. 2002இல் அங்கே தைக்கல் என்ற இடத்தில் ஒரு தென்னந்தோப்பில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் மண்வெட்டி மரத்தில் இடித்தது. தோண்டத் தோண்ட நீண்டுகொண்டே போயிற்று. 18 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 4 மீட்டர் அகலம். தட்டையான அடிப்பாகம், அயனி மரப் பலகைகள் (மலையாளத்தில் ஆஞ்ஞிலி), அடித்திருந்தது இரும்பு ஆணி. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் அந்தக் காலத்துக் கப்பல்களைப் பெரும்பாலும் கயிற்றால் தைத்தார்கள் என்றே படித்து வந்தோம். தென்னையின் நாரால் தைக்காமல் தென்னையின் அடியிலேயே ஆணிக் கப்பல் ஒன்று கிடந்தது, பாடநூலில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லி.

அது புயலில் கவிழ்ந்ததாகவும் தெரியவில்லை, போரில் மூழ்கியதாகவும் தெரியவில்லை. கழியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், கழி தூர்ந்துவிட்டது. மேலே தென்னை வைத்தார்கள். கொல்லத்திலும் இதே மாதிரி ஒன்று. 2014இல் துறைமுகத்தை ஆழப்படுத்த மண் அள்ளியபோது இயந்திரத்தின் வாயோடு வந்தவை சீனக் காசுகளும் பீங்கானும். காசு தேடி யாரும் மண் அள்ளவில்லை. கப்பல் நிற்க இடம் வேண்டும் என்று அள்ளினார்கள்; பழைய கப்பல்கள் நின்ற இடம் அதுவே என்று காசுகள் சொல்லின.

மனிதன் வெட்டியது போக, இயற்கையே வெட்டித் தருவதும் உண்டு. கடற்கரை மணல் நிலையான சொத்து அல்ல. அமைதியான மாதங்களில் நீண்டு தாழ்ந்த அலைகள் மணலைக் கரையில் ஏற்றிவைக்கின்றன. புயல் நாளில் குட்டையான செங்குத்து அலைகள் அடுத்தடுத்து வந்து, அதே மணலை வழித்துக்கொண்டு போய்க் கரைக்கு எதிரே நீரடித் திட்டாகக் குவிக்கின்றன. ஒரே இரவில் கரை ஆளுயரம் இறங்கிவிடும். அதுவரை மூடிக்கிடந்த சுவரோ சிற்பமோ வெளியே தெரியும். கடல் அடங்கியதும் திட்டிலிருந்த மணல் மெல்லத் திரும்பி வந்து மூடிவிடும். ஆக, புயல் திறக்கும் ஜன்னல் சில வாரங்களுக்குத்தான் திறந்திருக்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் 1850ஆம் ஆண்டுப் புயல் ஒன்று மணல்மேட்டைச் சீவியெறிந்தபோது ஐயாயிரம் ஆண்டுப் பழைய கல்வீடுகள், கல் கட்டில்களோடு, வெளியே வந்தன. ஸ்காரா பிரே என்று இன்று உலகமே போய்ப் பார்க்கும் ஊர் அது.

நம்முடைய ஜன்னல் 2004 டிசம்பர் 26 அன்று திறந்தது. அதன் விலையை யாரும் மறக்கவில்லை. சுனாமி தாக்குமுன் மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியபோது கற்கள் வரிசையாகத் தெரிந்தன என்று மீனவர்கள் சொன்னார்கள். அலை போன பிறகு கரையில் மணல் அரித்த இடத்தில் சிங்கமும் யானையும் செதுக்கிய பாறைகள் நின்றன. இவை செய்தித்தாள்களில் பெரிதாக வந்தன. எனக்குப் பிடித்தது அதிகம் பேசப்படாத இன்னொன்று. சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் அடிப்பாகம் வெளிப்பட்டது; அதில் எழுத்து. ராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு. திருவீழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலுக்குக் கொடுத்த தானத்தைப் பற்றியது. கோயிலைக் காணோம். எழுத்து இருந்தால் கோயிலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இந்தியத் தொல்லியல் துறையினர் எதிரே இருந்த மணல்மேட்டைத் தோண்டினார்கள். பல்லவர் காலத்துக் கற்கோயிலின் அடித்தளம் வந்தது. அதற்கும் கீழே, அதைவிடப் பழைய ஒரு செங்கற்கோயில். வாசலில் கல்லால் செய்த வேல்.

அடுக்குகளுக்கிடையே கடல் மணலும் சிப்பியும் கலந்த படலம் இருந்தது. செங்கற்கோயிலைச் சாய்த்ததே பழைய பேரலை ஒன்றுதான் என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள். ஒரு அலை மூடியதை இன்னொரு அலை காட்டிக்கொடுத்திருக்கிறது. அந்தப் படலத்தின் வயதைக் கேட்கவும் வழி உண்டு. படிகக்கல் துகள் இருட்டில் கிடக்கும்போது சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிரியக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கும். வெயில் பட்டதும் சேமிப்பு காலியாகிவிடும். ஆய்வகத்தில் இருட்டிலேயே எடுத்து ஒளி பாய்ச்சினால், சேமித்ததை மினுக்கமாகத் திருப்பித் தரும். மினுக்கத்தின் அளவு, கடைசியாக வெயில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்பதைச் சொல்லிவிடும். என் துண்டில் உதிர்ந்த துகள் அறையின் சன்னலோரத்தில் தன் கணக்கைத் துடைத்துவிட்டது. கொற்கை வயலுக்கடியில் இருக்கும் அதன் சகோதரத் துகள்களிடம் கணக்கு அப்படியே இருக்கிறது. எந்த நூற்றாண்டில் கடல் எங்கே நின்றது என்று அவற்றிடம் கேட்கலாம்.

புயல் கொடுத்தவற்றில் தமிழனுக்கு மிகவும் விசித்திரமானது கடற்கரையில்கூடக் கிடைக்கவில்லை. நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி மாவோரி மக்களின் அடுப்பில் ஒரு விநோதப் பாத்திரத்தைப் பார்த்தார். உடைந்த வெண்கல மணியைக் கவிழ்த்துவைத்துக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, பெருங்காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் வேருக்கடியில் என்றார்கள். மணியின் விளிம்பைச் சுற்றி இருந்தது தமிழ். முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொருள். தமிழ்க் கரையின் முஸ்லிம் கப்பல் முதலாளி ஒருவருடையதாக இருக்க வேண்டும். எழுத்தின் வடிவம் சில நூற்றாண்டுப் பழையது. கப்பலே அங்கே போயிற்றா, ஆளில்லாமல் அடித்துச் செல்லப்பட்டதா, கைமாறிக் கைமாறி மணி மட்டும் போயிற்றா என்று இன்றும் வாதம் நடக்கிறது. மணி வெல்லிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரைப் பொறிக்கச் சொன்ன முகைதீன் பக்ஷ், தன் மணியில் கிழங்கு வேகும் என்று நினைத்திருக்க மாட்டார்.

அந்த மணி எந்த மரத்தடியில், எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று தெரிந்திருந்தால் வாதம் பாதி தீர்ந்திருக்கும். தற்செயலாகக் கிடைப்பவற்றின் சாபம் இது: பொருள் வரும், முகவரி வராது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் மோதிரமும் முத்திரையும் எத்தனையோ கிடைத்திருக்கின்றன. ஆறு அவற்றைத் தானாகவே பிரித்து வைக்கிறது. மணலின் அடர்த்தி 2.65, செம்பினுடையது 8.9, தங்கத்தினுடையது 19.3. வெள்ளம் இலேசான மணலைத் தள்ளிக்கொண்டு போக, பாரமானவை பள்ளத்தில் தங்கிவிடும். முறத்தில் புடைக்கும் அதே வேலைதான். மணல் அரித்துக் காசு பொறுக்குகிறவர்களுக்கு இந்தப் பள்ளங்கள் அத்துப்படி. ஆனால் ஆறு எந்த வீட்டிலிருந்து, எந்த அடுக்கிலிருந்து எடுத்து வந்தது என்பதை ஆறே அழித்துவிட்டது. காசுக்குத் தன் முகத்தில் மன்னன் பெயர் இருப்பதால் பிழைத்தது. ஒரு மரத்துண்டுக்கு அதுவும் இல்லை.

மரத்துக்கு வெளியே வந்த நாளிலிருந்தே ஆபத்து. சேற்றில் கிடந்த பலகையின் உயிரணுக்களுக்குள் நார்ப்பொருள் கரைந்து, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துத் தாங்கிக்கொண்டிருக்கும். வெயிலில் வைத்தால் தண்ணீர் போகும். போகிற தண்ணீர் தன் இழுவிசையால் உயிரணுச் சுவர்களையும் உள்ளே இழுத்துச் சுருட்டிவிடும். காலையில் பலகையாக இருந்தது சில நாட்களில் வெடித்த விறகு. 1628இல் மூழ்கிய ஸ்வீடனின் வாசா கப்பலை 1961இல் தூக்கியபின் 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளை அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகு போய் உட்காரட்டும் என்று. அவ்வளவு வசதி நம் வயல்வரப்பில் இல்லை. ஈரச்சாக்கைப் போட்டு மூடி, அள்ளிய சேற்றையே மேலே அப்பிவிட்டு வட்டாட்சியருக்குத் தகவல் சொன்னால் போதும். சொல்லியே தீர வேண்டும் என்பதற்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் என்றால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. அந்தப் பத்து ரூபாய் விக்டோரியா காலத்துப் பத்து ரூபாய். இன்றைக்கு ஒரு டீ.

பொருள் முகவரியோடு தெரியும் வாய்ப்பும் எப்போதாவது வரும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. ஊர்கள் இழந்ததைக் கணக்கெடுத்து முடிக்கவே மாதங்கள் ஆயின. அந்த நேரத்தில் அரித்த கரையில் என்ன தெரிகிறது என்று நடந்து பார்க்க யாருக்கும் மனம் இருந்திருக்காது. குறை சொல்ல முடியாது. ஆனால் கரை அரித்த இடத்தில் அடுக்குகள் கேக் வெட்டியது போலத் தெரியும் வாய்ப்பு அப்போதுதான்.

வெள்ளத்துக்குக் காத்திருக்காமல் பார்க்கக்கூடிய ஒரு கூட்டம் இந்தப் பகுதியில் உண்டு: கிணறு வெட்டுகிறவர்களும் போர் போடுகிறவர்களும். மேல்மண், வண்டல், பருமணல் என்று இறங்கும்போது ஓரிடத்தில் நிறம் மாறிக் கருநீலக் களி வரும். சிப்பித் துண்டு கலந்திருக்கும். கூடவே அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்பைடு; உயிர்வளி இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவின் மூச்சு. சாதாரணமாக அந்த நாற்றம் வந்தால் தண்ணீர் உப்பு என்று முகத்தைச் சுளித்து வேறு இடம் பார்ப்பார்கள். புழு நுழையாத, மரம் அழுகாத பழைய கழியின் அடித்தளம் அதுதான். கொற்கைக்கும் பழையகாயலுக்கும் நடுவே யாராவது கிணறு வெட்டி, அந்தக் களியோடு ஆணி அடித்த பலகைத்துண்டு ஒன்று மேலே வந்தால், அதை வெயிலில் வைக்காமல் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, எத்தனையாவது அடியில் வந்தது என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு வைக்கட்டும்.